பஸ்ஸில் நடந்த பெற்றோர் கூட்டம்

பெரிய ஆஸ்பத்திரியில் கிளம்பி, கடைத்தெரு, ரயில் நிலையம், இரண்டு பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நூற்பாலை வாசலில் போய் நிற்கும் பஸ் அது. அதில் பல வருடம் கண்டக்டராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்தப் பணிமனையில் பெண் கண்டக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ‘கண்டக்டரம்மா’ என்றால் அந்தத் தடத்தில் எல்லோருக்கும் அவர் முகம்தான் நினைவுக்கு வரும். நான் தினமும் அதில் போய்வந்த ஆள். பாதியை நேரில் பார்த்தேன். மீதியைப் பின்னாளில் அவரே சொன்னார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் ஒரு துணிக்கடையில் இருந்தார். அங்கே குரல் உயரவே கூடாது. வாடிக்கையாளர் காதுக்குள் சொல்வது போலத்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தோடு பஸ் ஏறியவர், முதல் மாதம் படாத பாடு பட்டிருக்கிறார். அவர் சொல்லும் நிறுத்தத்தின் பெயர் மூன்றாவது சீட்டைத் தாண்டாது. ஒருநாள் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டிய ஒரு முதியவரை எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டு, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லையாம். மறுநாளிலிருந்து தொண்டையைத் திறந்தார். திறந்தது திறந்ததுதான், பிறகு மூடவே இல்லை. பஸ்ஸின் பின்பக்கம் தூங்குகிறவன்கூட எழுந்து தன் பையைத் தேடுவான்.

கணவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி அறுப்பது, கொண்டுபோய்ப் பொருத்துவது. கவனம் பிசகினால் கை போய்விடும் தொழில் என்பதாலோ என்னவோ, அதிகம் பேச மாட்டார். ஒரே மகள். அவளுக்கு வீட்டில் ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் கண் விழிக்கும்போது தொடங்கும் பேச்சு, இரவு போர்வைக்குள்ளும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். வீட்டில் பேசும் இலாகா தாய்க்கும் மகளுக்கும், கேட்கும் இலாகா தனக்கு என்று அந்த மனிதர் சந்தோஷமாகவே சொல்லிக்கொள்வார்.

ரேடியோ ஐந்தாம் வகுப்பு வரை படித்தது பக்கத்துத் தெருப் பள்ளியில். ஒரு வகுப்பு, ஒரு டீச்சர், வருடம் முழுக்க அதே பெஞ்சு. ஆறாம் வகுப்புக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று மாடி. பாடத்துக்கு ஒரு டீச்சர். மணியடித்தால் ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டும், அடுத்த மணிக்கு நூலகத்துக்கு ஏற வேண்டும். பழைய பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிரிவில் சிதறிப்போனார்கள். அவள் பிரிவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

தினமும் சாயங்காலம் கண்டக்டரம்மா ஸ்கூல் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்று மகள் சொல்வாள். சொல்லிவிட்டு உடனே பூனை, பக்கத்து வீட்டுச் சண்டை, அப்பாவின் கிழிந்த கையுறை என்று வேறெங்கோ தாவிவிடுவாள். அவளிடம் சுணக்கம் எதுவும் தெரியவில்லை. வாய் ஓயவில்லை, சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்புகிறது. தாய் நிம்மதியாக இருந்தார்.

பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். வேலைநாள், மாலை மூன்று மணி. அந்த நேரத்தில் அவர் எங்கோ கடைத்தெரு நெரிசலில் நின்றுகொண்டிருப்பார். கணவர் அன்று ஒரு புதுக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது கூட்டத்துக்குக் கண்டக்டரம்மா டூட்டி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். மாற்றிக்கொள்வதாகச் சொன்னவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுத்த நாள் மகளின் டைரியில் வகுப்பு டீச்சர், பெற்றோர் அவசியம் வந்து சந்திக்க வேண்டும் என்று எழுதி, ‘அவசியம்’ என்பதற்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடும் போட்டிருந்தார். அந்தக் கோடு இவருக்குச் சுருக்கென்றது. மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டா வருவார்கள் என்று டிரைவரிடம் பொரிந்து தள்ளினார். டிரைவர் வயதில் மூத்தவர், அவரை அண்ணன் என்றுதான் அழைப்பார். அண்ணன் வழக்கம்போல் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினார்.

இது நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில்தான் எங்கள் பஸ்ஸில் ஒரு புதுப் பயணி ஏறத் தொடங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, களைத்த முகம், கை நிறைய விடைத்தாள் கட்டுகள். நூற்பாலைப் பக்கம் வீடு மாறி வந்திருக்கிறார். ஏறியதும் ஒரு சீட்டில் உட்கார்ந்து பக்கத்துச் சீட்டில் பையை வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் நல்ல கூட்டம். கண்டக்டரம்மா பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் பிள்ளைகளின் பரீட்சைத் தாள், கசங்கிவிடும் என்றார் அந்த அம்மாள்.

“பிள்ளைங்க நிக்குறாங்க, அவங்க பரீட்சைப் பேப்பர் உட்கார்ந்துட்டு வருதாக்கும்” என்றார் கண்டக்டரம்மா.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாள் காது சிவக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் ஆகவில்லை. ஒருவர் டிக்கெட் கொடுப்பார், ஒருவர் வாங்குவார், முகத்தை மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை. கணவருக்கு வெளியூர் வேலை. பள்ளி அரைநாள்தான் என்பதால், முடிந்ததும் தன் பஸ்ஸில் ஏறிக்கொள்ளும்படி மகளிடம் கண்டக்டரம்மா சொல்லியிருந்தார். பள்ளி நிறுத்தத்தில் ரேடியோ ஏறியது. முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்து உடனே ஒலிபரப்பைத் தொடங்கியது. டிரைவர் மாமாவிடம் கதை. பக்கத்தில் கூடையோடு இருந்த அக்காவிடம் விசாரணை. அடுத்த நிறுத்தம் வரும்போது அம்மாவுக்கு முன்னால் அவளே பெயரைக் கூவினாள், அச்சு அசல் தாயின் குரல். மூன்று பேர் எழுந்துகூட விட்டார்கள்.

நடுவில் எங்கோ அவள் திரும்பிப் பார்த்தாள். பின்பக்கம் மூக்குக் கண்ணாடிக்காரர் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. தலை குனிந்தது. அதற்கு மேல் டிரைவர் கேட்டும் பதில் இல்லை.

கண்டக்டரம்மா மகள் பார்த்த திசையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தார்.

“இவ உங்க பொண்ணா?”

“ஆமா, ஏன்?”

“நான் இவ கிளாஸ் டீச்சர். இவ்வளவு நாள்ல இவ குரலை இன்னிக்குத்தான் கேக்குறேன்.”

கண்டக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. யார் பிள்ளையையோ சொல்கிறார் என்று நினைத்தாராம். டீச்சர் இறங்கும் வரை, டிக்கெட்டுகளுக்கு நடுவே, துண்டு துண்டாகப் பேச்சு நடந்தது. வகுப்பில் அவள் ஒரு சொல் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு அசையாது. எழுத்தில் எல்லாம் சரி. சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பாள். பேச்சில் ஏதாவது குறை இருக்குமோ, டாக்டரிடம் காட்டியிருக்கிறார்களா என்று கேட்கத்தான் அந்தக் கோடு போட்ட அழைப்பு. யாரும் வராததால், பிள்ளைமேல் அக்கறை இல்லாத வீடு என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார். வேலைக்குப் போகிறவர்களின் கஷ்டம் அறியாத டீச்சர் என்று இவர் முடிவு கட்டியிருந்தார். ஒரே பிள்ளையின் பாதி அங்கே, பாதி இங்கே.

அன்று வீட்டுக்குப் போனதும் கண்டக்டரம்மா ஒரு தப்பு செய்தார். மகளை நிற்க வைத்து, வாயில் என்ன கொழுக்கட்டையா, ஸ்கூலில் ஏன் பேசவில்லை, திங்கட்கிழமை எழுந்து பதில் சொல்லியாக வேண்டும் என்று சத்தம் போட்டார். பலன், ரேடியோ வீட்டிலும் நின்றுவிட்டது. ஞாயிறு முழுவதும் அந்த வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்தான். தாய்க்குக் கை கால் ஓடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது கேட்கும் இலாகாதான். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கிழிந்த கையுறைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்றும் கேட்காமலே அவள் வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பள்ளியின் முதல் நாள் வருகைப் பதிவில் தன் பெயர் வந்தபோது, “உள்ளேன் டீச்சர்” என்று அம்மாவைப் போலவே உரக்கச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, ‘ரைட், போகலாம்’ என்றாள். மறுபடி சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கலாம் என்று நினைத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அம்மாவிடம் சொன்னால், தன் குரலால்தானே என்று அம்மா வருத்தப்படுவாள், அதனால் சொல்லவில்லை.

அன்றிரவே அவர் இதைக் கண்டக்டரம்மாவிடம் சொன்னார். மறுநாள் நூற்பாலை வாசலில் பஸ் நின்றது. திரும்பக் கிளம்பும் முன் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கும் இடைவேளை. டீச்சரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, மகள் சொன்னதை அப்படியே சொன்னார், டீச்சர் சிரித்ததையும் சேர்த்து. டீச்சர் டீயைக் கீழே வைத்தார்.

“சிரிச்சது ஞாபகம் இருக்கு. நல்லா கணீர்னு சொல்றாளேன்னு சந்தோஷத்துல சிரிச்சேன். அவளுக்கு அது எப்படித் தெரியும்.”

“தெரியாதுங்க” என்றார் கண்டக்டரம்மா. “எனக்கே இந்த பஸ்ல முதல் மாசம் வாய் வரலை. அவளைப் போட்டுக் கத்தினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அந்த டீயோடுதான் பழைய மனத்தாங்கல் கரைந்தது. அதன்பின் பெரும்பாலான நாட்களில் அந்த இடைவேளையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. இன்று வீட்டில் இப்படி, இன்று வகுப்பில் அப்படி என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். அவளை யாரும் பேசு பேசு என்று நெருக்குவதில்லை என்று முதலில் முடிவாயிற்று. வருகைப் பதிவுக்கு வகுப்பில் எல்லோரும் கையைத் தூக்கினால் போதும் என்று டீச்சர் மாற்றினார். மற்ற ஆசிரியர்களிடமும், கொஞ்ச நாளைக்கு அவளைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று சொன்னார். கணக்கு சார் மட்டும், இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை உருப்படாது என்றாராம். ஆனாலும் அவரும் அவளை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை.

எங்கே அவளுக்குப் பேச்சு வருகிறதோ அங்கிருந்து தொடங்கலாம் என்று யோசனை சொன்னது யார் என்பதில் இன்றும் இருவருக்கும் தகராறு. எப்படியோ, சனிக்கிழமைகளில் ரேடியோ பஸ்ஸில் வந்தது, டீச்சரும் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முதல் சனிக்கிழமை ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது சனிக்கிழமையும் இல்லை. டீச்சர் அவளை எதுவும் கேட்கவும் இல்லை, தன் பாட்டுக்குத் தாள் திருத்தினார், கண்டக்டரம்மாவிடம் வீட்டுக் குழாய்ப் பிரச்சினையைச் சொன்னார். மூன்றாவது வாரம், கண் டாக்டரிடம் போக வேண்டும், பழைய தபால் நிலையத்தில் இறங்குகிறேன் என்று எழுந்தார்.

“அங்க இல்ல டீச்சர், அடுத்த ஸ்டாப். இங்க எறங்கினா ரொம்ப தூரம் நடக்கணும்.”

சொன்னது ரேடியோ. சின்னக் குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது. டீச்சர் ஒன்றும் நடக்காதது போல், அப்படியா என்று உட்கார்ந்துகொண்டார். கண்டக்டரம்மா கையில் சில்லறையை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். டிரைவர் அண்ணன்தான், அந்தச் சில்லறைக்காரர் இறங்கிப் போய்விடுவார் என்று கண்ணாடி வழியாக ஞாபகப்படுத்தினார்.

அடுத்து வந்தாள் சுண்டெலி. அதே வகுப்பில் படிக்கும் சின்ன உருவப் பெண், வகுப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைத்தார்கள். அவளுடைய அம்மா நூற்பாலைத் தொழிலாளி, இதே பஸ்ஸில் வருகிறவர். வகுப்பில் டீச்சர் சுண்டெலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பஸ்ஸில் தாய்மார் இருவரும் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஒரே சீட்டில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களில் பஸ்ஸில் பேசிய பேச்சு பள்ளி வாசல் வரை நீண்டது. பிறகு படிக்கட்டு வரை. அங்கே கொஞ்ச காலம் நின்றது. வகுப்புக் கதவைத் தாண்ட மாட்டேன் என்றது. இரண்டு தாய்களும் டீச்சரும் பொறுமையாக இருந்தார்கள். பொறுமை போனபோது டீ குடித்தார்கள்.

இதற்குள் சேதி பரவிவிட்டது. நூற்பாலையில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு பார்க்கிறவர்கள், கடைத்தெருவில் பில் போடுகிறவர்கள் என்று அந்தப் பள்ளியின் பெற்றோர் பலர் அந்தத் தடத்தில்தான் வந்தார்கள். மூன்று மணிக் கூட்டத்தை எட்டிப்பார்க்க முடியாத அத்தனை பேருக்கும், ஆறாம் வகுப்பு டீச்சர் சாயங்கால பஸ்ஸில் கிடைப்பார் என்று தெரிந்துபோயிற்று. என் பையன் எப்படி, என் பொண்ணு ஏன் ஸ்கூலுக்குப் போக அழுகிறாள் என்று கம்பியைப் பிடித்தபடி கேட்க ஆரம்பித்தார்கள். தான் ஓட்டுவது பஸ்ஸா டீச்சர்கள் அறையா என்று டிரைவருக்கே சந்தேகம் வந்தது. எங்களுக்கும் பொழுது நன்றாகப் போயிற்று.

நன்றாகப் போனதுதான் பிரச்சினை. ஒருநாள் ஒரு அப்பா, தன் மகன் இன்னும் படுக்கையை நனைக்கிறான், புதுப் பள்ளி பயமாக இருக்குமோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் தாழ்த்திய குரல் அந்த இரைச்சலில் டீச்சருக்குக் கேட்காமல், எங்கள் நாலு பேருக்குக் கேட்டது. அடுத்த வாரம் அந்தப் பையனை எவனோ கேலி செய்தான். சேதி தலைமையாசிரியை காதுக்கு எட்டியது. அவர் டீச்சரைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் சமாசாரத்தை ஊரே கேட்கும்படி பேசலாமா என்று கேட்டார். டீச்சர் முகம் வாடி வந்து டீக்கடையில் உட்கார்ந்தார்.

தலைமையாசிரியைமேல் கோபம் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால் கண்டக்டரம்மா, அந்த அம்மா சொல்வது நியாயம்தான் என்றார். மறுநாள் காலை, டூட்டிக்குப் போகும் முன், சீருடையோடு தலைமையாசிரியை அறைக்கு முதல்முறையாகப் போனார். அங்கே என்ன பேசினார் என்பதை டீச்சர்தான் எங்களுக்குச் சொன்னார். சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை.

“பஸ்ல பேசினது தப்புதாங்க. ஆனா பேச வேற இடம் இல்லாமத்தான் பேசினோம். எங்க ஷிப்டு முடியிற நேரத்துக்கு ஒரு ரூமைத் திறந்து வச்சீங்கன்னா, நாங்க ஏன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பேசப் போறோம்?”

தலைமையாசிரியை, எந்த நேரம் எல்லோருக்கும் தோதுப்படும் என்று கேட்டார். இதுவரை அப்படி ஒரு கேள்வியைப் பெற்றோரிடம் யாரும் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டாராம். அந்த மாதத்திலிருந்து புது மாணவர்களின் பெற்றோர் கூட்டம் இரண்டு முறை நடந்தது, வழக்கமான மூன்று மணிக்கு ஒன்று, மாலை ஆறரை மணிக்கு ஒன்று. தனியாகப் பேச வேண்டியவர்களுக்கு நூலகத்தின் பக்கத்து அறை. முதல் ஆறரை மணிக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. கணக்கு சார் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டூல்களைத் தூக்கி வந்து போட்டார். படுக்கையை நனைக்கும் பையனின் அப்பாவோடு அந்தச் சிறு அறையில் நெடுநேரம் உட்கார்ந்து பேசியவரும் அவர்தான்.

ரேடியோ வகுப்பில் பேசியது அதற்குச் சில வாரம் கழித்து, எந்த ஏற்பாடும் இல்லாத ஒரு நாளில். வருகைப் பதிவின்போது சுண்டெலியின் கை தென்படவில்லை. டீச்சர், ‘வரவில்லை’ என்று குறிக்கப் போனார்.

“அவ இருக்கா டீச்சர், கீழ பென்சில் தேடுறா.”

கணீரென்று வந்தது. வகுப்பு திரும்பிப் பார்த்தது. டீச்சர் தலை நிமிராமல் சரி என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. சுண்டெலி மட்டும் பெஞ்சுக்கடியிலிருந்து பென்சிலோடு எழுந்து, என்ன ஆச்சு என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. டீச்சர் எப்படியோ நெரிசலில் நுழைந்து கண்டக்டரம்மாவின் காதுப் பக்கம் வந்து ஒரே ஒரு வரி சொன்னார். கண்டக்டரம்மா தலையசைத்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த இரண்டு நிறுத்தங்களின் பெயரை அவர் கூவவே இல்லை. நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்கினோம்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. எல்லா இடத்திலும் வாயாடி என்று சொல்ல முடியாது. புது இடத்தில் முதலில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாள், அவசரம் இல்லாமல் சேர்ந்துகொள்வாள். அதுவும் ஒரு குணம்தான் என்று தாய் விட்டுவிட்டார். கண்டக்டரம்மாவுக்கும் தடம் மாறிவிட்டது, இப்போது ஏரிக்கரைப் பக்கம் போகும் பஸ். டீச்சரை அடிக்கடி பார்க்க முடிவதில்லை. ஆனால் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், ஆறாம் வகுப்புப் பெற்றோரின் முதல் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. வாசலில் நின்று, தயங்கித் தயங்கி வருகிறவர்களை, எந்தப் பிரிவு என்று கேட்டு அந்த வகுப்பு டீச்சரிடம் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்.

இந்த வருடம் என் தம்பி மகனுக்காக நானும் போயிருந்தேன். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்த ஒரு மனிதர், உள்ளே வரக் கூசி, கையிலிருந்த கரியைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டிருந்தார். தன் பொண்ணு வீட்டுக்கு வந்தால் பேசாமல் படுத்துக்கொள்கிறாள், இது எப்போது சரியாகும் என்று கண்டக்டரம்மாவிடம் கேட்டார். அது தனக்குத் தெரியாது என்றார் இவர். ஆனால் அவள் இங்கே எப்படி இருக்கிறாள் என்பது டீச்சருக்குத் தெரியும், அங்கே எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லுங்கள் என்று அவரை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் உட்கார்ந்ததும் டீச்சர் தன் நாற்காலியை மேஜைக்குப் பின்னாலிருந்து இழுத்து, அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.